கொடியாகப் படராத மரவள்ளிக்கு ‘வள்ளி’ என்று பெயர் வந்தது எப்படி?

வணக்கம்! மரவள்ளிச் செடியைப் பார்த்திருப்பீர்கள். ஊன்றிய குச்சி போல நேராக நிற்கும், எதன் மேலும் ஏறாது, எதையும் சுற்றாது. ஆனால் வள்ளி என்றால் கொடி! அப்புறம் இதற்கு யார் அந்தப் பெயரை வைத்தது?

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். வளை, வளையல், வளையம் இருக்கிற குடும்பத்தில்தான் வள்ளியையும் சேர்க்கிறார்கள்: வளைந்து சுற்றுவது. மலையாளத்திலும் வள்ளி என்றால் கொடி, கன்னடத்தில் அதுவே பள்ளி (balli). அதுமட்டுமா, மலையாள எழுத்தில் ‘கி’, ‘மி’ என்று எழுதும்போது பக்கத்தில் வளைந்து நிற்கும் இகரக் குறிக்கே வள்ளி என்றுதான் பெயர். எழுத்திலும் ஒரு கொடியைப் பார்த்திருக்கிறார்கள்!

பாகலும் புடலையும் ஸ்பிரிங் மாதிரி பற்றுக்கம்பி விட்டு ஏறும். வள்ளிக்கிழங்குக் கொடி (சர்க்கரைவள்ளி இல்லை, காட்டில் விளையும் பழைய கிழங்கு) அப்படியில்லை, தண்டையே முறுக்கிக்கொண்டு ஏறும். சில வகை இடமாகச் சுற்றும், சில வலமாகச் சுற்றும், வகை பிரிக்க அதுவே ஓர் அடையாளம்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். புறநானூறு 109. பாரியின் பறம்பு மலையை மூவேந்தர்கள் முற்றுகையிட்டு நிற்கிறார்கள். கபிலர் அவர்களைப் பார்த்து, எத்தனை நாள் நின்றாலும் இந்த மலைக்காரர்களைப் பட்டினி போட முடியாது என்கிற மாதிரி சொல்கிறார். உழவர் உழாமலே இங்கே நான்கு விளையும்: மூங்கில் நெல், பலாப்பழம், தேன். மூன்றாவதாக அவர் எண்ணுவதுதான் நம்முடையது: “கொழுங்கொடி வள்ளிக் கிழங்கு வீழ்க்கும்மே”. கொடி, வள்ளி, கிழங்கு மூன்றும் ஒரே அடியில்! மேலே மரத்தைச் சுற்றி ஏறுவது தண்டு, ஆனால் பசித்தவன் கை போவது மண்ணுக்குள். என்னைக் கேட்டால், பெயர் கொடியிலிருந்து கிழங்குக்கு இறங்கியது இந்தப் பசியால்தான். முருகனின் வள்ளியும், குறவர்கள் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்ததால்தான் அந்தப் பெயர் பெற்றாள் என்கிறது புராணம். கதையிலும் கொடியை விடக் கிழங்குதான் முன்னால் நிற்கிறது, பாருங்கள்.

மீதிக் கதை வேகமாக முடிந்துவிடும். தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி ஒரு புதுக் கிழங்கு வந்தது. 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதை ஊக்கம் கொடுத்துப் பரப்பினார். அதற்குள் நம் ஆட்களுக்கு வள்ளி என்றாலே கிழங்கு. இதுவோ மரம் மாதிரி நிற்கிறது. மரவள்ளி! இனிப்பாக இருந்த இன்னொன்று சர்க்கரைவள்ளி.

பழைய பொருள் மாறாமல் இருப்பது யாழ்ப்பாணத்து இராசவள்ளியில். உண்மையிலேயே சுற்றி ஏறும் கொடி, வெட்டினால் உள்ளே கத்தரிப்பூ நிறம். அவித்து மசித்து, தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் கிண்டுவார்கள். சாப்பிட்டவர்கள் கருத்துப் பெட்டியில் கட்டாயம் எழுதுங்கள். மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு, கப்பைக்கிழங்கு என்றெல்லாம் சொல்கிறவர்களும் ஊர்ப் பெயரோடு வாருங்கள், எந்த ஊரில் ‘வள்ளி’ இன்னும் வாயில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.