கோகோ மரத்தில் ஒதுங்கிய காட்டுச் செடி

[காட்சி: வயதான கோகோ மரம். தண்டில் பழுப்பும் பச்சையும் கலந்த திட்டு.]

ஏதோ பாசி என்று கடந்துபோகத் தோன்றும். கொஞ்சம் நில்லுங்கள். இது ஸ்புரூசியாந்தஸ் தியோப்ரோமே. லிவர்வொர்ட் எனப்படும் ஈரலுருத் தாவரங்களில் ஒன்று. தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டுக்கே உரியது. அங்கேயும் அழியும் ஆபத்தில் இருக்கிறது.

[காட்சி: உருப்பெருக்கியில் இலைகள்.]

வேர் இல்லை, பூ இல்லை, விதை இல்லை. இலையின் தடிமன் ஒரே ஒரு செல் அடுக்கு. ஓட்டுக் கூரைபோல இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. புரட்டிப் பாருங்கள்: இலையின் ஓரம் அடிப்பக்கமாக மடிந்து, சின்னஞ்சிறு பைபோல இருக்கிறது. மழை விட்ட பிறகும் அங்கே துளி நீர் தங்கும். மரத்தின் சாற்றை இது தொடுவதே இல்லை. பட்டையில் வழியும் மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் இலையாலேயே குடிக்கிறது. அந்த ஈரம் போனால் இதற்கு வேறு கதி இல்லை.

[காட்சி: மேற்கு ஈக்வடாரின் வாழைத் தோட்டங்கள்.]

ஒரு காலத்தில் இங்கே அடர்ந்த மழைக்காடு இருந்தது. வாழைக்கும் எண்ணெய்ப் பனைக்கும் மேய்ச்சலுக்கும் என்று அதன் பெரும்பகுதியை அழித்துவிட்டார்கள். உயர்ந்த நிழல் மரங்களுக்குக் கீழே வளர்ந்த பழைய கோகோ தோட்டங்களில்தான் காட்டின் குளிர்ச்சி கொஞ்சம் மிஞ்சியது. இந்தச் செடிக்கு அதுவே புகலிடம். தியோப்ரோமா என்பது கோகோ மரத்தின் அறிவியல் பெயரில் முதல் சொல். இதன் பெயரிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெயரின் முன்பாதி, ஆங்கிலேயத் தாவர ஆய்வாளர் ரிச்சர்ட் ஸ்புரூஸைக் குறிக்கிறது. அவரை நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1860-இல் ஈக்வடாரின் சிம்போராசோ மலையடிவாரத்தில் அவர் சேகரித்த சிங்கோனா விதைகள்தான் நீலகிரிக்கு வந்து, மலேரியாவுக்கான கொய்னா மருந்துத் தோட்டங்களாயின. மருந்து மரம் தேடி அலைந்த அதே மனிதர், யாரும் குனிந்து பார்க்காத இந்தச் செடிகளுக்காகவே ஆயுளின் பெரும்பகுதியைக் கொடுத்தார். எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

[காட்சி: வெயில் நேராக விழும் புதிய கோகோ தோட்டம்.]

இப்போது அந்தப் புகலிடமும் சுருங்குகிறது. சி.சி.என்-51 என்ற கோகோ ரகம் வெயிலிலேயே நன்றாகக் காய்க்கும். அதனால் பழைய கோகோவையும் நிழல் மரங்களையும் சேர்த்தே வெட்டிவிடுகிறார்கள். கோகோ தண்டிலேயே பூப்பதால், பட்டையில் படிந்த பாசியைச் சுரண்டிவிடும் வழக்கமும் உண்டு. கத்தி ஒருமுறை இழுபட்டால் பல ஆண்டுகள் வளர்ந்த திட்டு உதிர்ந்துவிடும்.

[காட்சி: மீண்டும் முதல் மரம். மழை தொடங்குகிறது. சுருண்டிருந்த இலைகள் மெல்ல விரிகின்றன.]