ஒரு கிளிக்கில் காடு பிழைக்குமா? தேனீக்களுக்காகக் குளிரில் வரிசையில் நின்ற 17 லட்சம் பேர்

வணக்கம். 2019 பிப்ரவரி. ஜெர்மனியின் பவேரியா மாநிலம். ஊருக்கு ஊர் நகராட்சி அலுவலக வாசலில் வரிசை. கடும் குளிர், கையில் அடையாள அட்டை. நடுநடுவே சிலர் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்டுத் தேனீ வேடத்தில் நிற்கிறார்கள். உள்ளே இலவசமாக எதுவும் தரவில்லை. ஒரே ஒரு கையெழுத்துப் போடுவதற்காகத்தான் இத்தனை கூட்டமும்!

பதினான்கு நாள் முடிந்து எண்ணிப் பார்த்தால், 17 லட்சத்துக்கும் மேல். மாநில வாக்காளர்களில் 18.3 சதவீதம். அதே ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி, தேனீ உள்ளிட்ட உயிரினங்களைக் காக்க அவர்கள் கேட்ட புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது.

ஆனால் "யானையைக் காப்பாற்ற இங்கே அழுத்துங்கள்" என்று மின்னஞ்சலில் மனு வருகிறதே, அதை லட்சம் பேர் அழுத்தியும் சில நேரம் ஒரு இலைகூட அசைவதில்லை. ஏன்? அதுதான் இன்றைய கேள்வி.

மனுக்களின் வரலாற்றை மன்னர் காலத்திலிருந்து ஆரம்பித்தால் நீங்கள் வேறு வீடியோவுக்குப் போய்விடுவீர்கள். எனவே ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். இணையதளங்களில் யார் வேண்டுமானாலும் தொடங்கும் மனுவுக்குப் பதில் சொல்ல யாருக்கும் கடமை இல்லை. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மனுப் பக்கத்தில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் எழுத வேண்டும். ஒரு லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓராண்டுக்குள் குறைந்தது ஏழு நாடுகளிலிருந்து பத்து லட்சம் கையெழுத்து வேண்டும். சேர்ந்தால் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் மட்டும்தான், சட்டம் கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பவேரியாவின் கதை இங்கேதான் வேறுபடுகிறது. அங்கே வாக்காளர்களில் பத்து சதவீதம் பேர் இரண்டு வாரத்துக்குள் நேரில் வந்து கையெழுத்திட்டால், மக்கள் முன்வைத்த சட்ட வரைவைச் சட்டமன்றம் எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். நிராகரித்தால் அது பொது வாக்கெடுப்புக்குப் போகும். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒற்றை வரி எழுதித் தப்பிக்க வழியே இல்லை.

பவேரியா மக்கள் இப்படித் திரண்டது எதனால்? 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. மேற்கு ஜெர்மனியில் கிரேஃபெல்ட் என்ற ஊரைச் சேர்ந்த பூச்சி ஆர்வலர்கள் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் கூடாரம் போன்ற பொறிகளை வைத்து, விழுந்த பூச்சிகளை எடை போட்டுக் குறித்து வைத்திருந்தார்கள். 27 ஆண்டுக் கணக்கு. பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. கவனியுங்கள், இது தொழிற்சாலைப் பகுதியின் கணக்கல்ல. பாதுகாக்கப்பட்ட இடங்களின் கணக்கு.

இயக்கத்துக்கு "தேனீக்களைக் காப்பாற்றுங்கள்" என்று பெயர் வைத்தார்கள். தேனீ வளர்ப்பவரிடம் கேட்டால் சிரிப்பார்: பெட்டியில் இருக்கும் தேனீயைக் கவனித்துக்கொள்ள ஆள் இருக்கிறார், ஆபத்தெல்லாம் காட்டுத் தேனீக்கும் மற்ற பூச்சிகளுக்கும்தான். அதற்காக "ஈக்களையும் வண்டுகளையும் காப்பாற்றுங்கள்" என்று சுவரொட்டி ஒட்டினால் யார் குளிரில் நிற்பார்கள்? விளம்பரம் தெரிந்தவர்கள்!

விவசாயிகள் சங்கம் கடுமையாக எதிர்த்தது. பழியெல்லாம் எங்கள் தலையிலா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. இரு தரப்பையும் ஒரு மேசையில் உட்கார வைத்துப் பேசினார்கள். கடைசியில் மாநில அரசு வரைவை ஏற்று, கூடவே சில துணை ஏற்பாடுகளையும் சேர்த்துக்கொண்டது.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். 2030-க்குள் 30 சதவீத விவசாய நிலத்தில் இயற்கை விவசாயம், நீர்நிலைகளின் கரையில் ஐந்து மீட்டருக்கு உழுது பயிரிடக் கூடாது, இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரு விதி இருக்கிறது பாருங்கள்: ஒரு ஹெக்டேர் அல்லது அதற்கு மேலுள்ள புல்வெளியை வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி அறுக்கக் கூடாது!

[திரையில்: செவ்வகப் புல்வெளி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வரும் அறுவடை இயந்திரம்]

ஓரத்திலிருந்து தொடங்கினால் என்ன ஆகும்? இயந்திரம் ஒரு சுற்று வர, முயல் கொஞ்சம் உள்ளே நகரும். அடுத்த சுற்றில் இன்னும் உள்ளே. நான்கு பக்கமும் வெட்டவெளியாகிவிட்டதால் வெளியே ஓடத் துணியாது. கடைசியில் நடுவில் மிஞ்சும் சின்னப் புல்திட்டுக்குள் முயல், தவளை, மான்குட்டி எல்லாம் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். நடுவிலிருந்து தொடங்கினால் புல்லுக்குள்ளேயே ஒதுங்கி ஒதுங்கி வேலிப் பக்கம் தப்பிவிடும். அதே இயந்திரம், அதே டீசல். வண்டியின் பாதை மட்டும்தான் மாறுகிறது. "இயற்கையைப் பாதுகாப்போம்" என்று மேடையில் முழங்கும் யாருக்கும் இது தோன்றாது. வயலில் நின்று பார்த்தவருக்குத்தான் தோன்றும். நல்ல மனு எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டால், இந்த ஒரு விதியைத்தான் காட்டுவேன்.

இரண்டாவது கதை, நியூசிலாந்து. மனப்போரி என்ற ஏரியின் மட்டத்தை நீர்மின்சாரத்துக்காக உயர்த்தத் திட்டமிட்டார்கள். அலுமினிய ஆலைக்கு மின்சாரம் தேவைப்பட்டது. 1970-இல் 2,64,907 பேர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். நாட்டு மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்! அரசு அப்போதும் பிடிவாதமாக இருந்தது. 1972 தேர்தலில், ஏரியை உயர்த்த மாட்டோம் என்று வாக்குறுதி கொடுத்த தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. மனுவைக் கிடப்பில் போடலாம், கையெழுத்திட்டவர்களின் வாக்குச்சீட்டை என்ன செய்வது?

எண்ணிக்கைக்கு மயங்கிவிடாதீர்கள் என்பதற்கும் ஓர் உதாரணம். பண்ணை விலங்குகளைக் கூண்டில் அடைப்பதை நிறுத்தக் கோரி ஐரோப்பாவில் ஏறத்தாழ 14 லட்சம் கையெழுத்துகள் சேர்ந்தன. 2023 முடிவதற்குள் சட்ட முன்மொழிவு கொண்டுவருவோம் என்று 2021-இல் ஆணையம் உறுதியளித்தது. 2023 முடிந்தது. முன்மொழிவு வரவில்லை.

கிளிக் செய்வதே வீண் என்கிறேனா? இல்லை. ஆனால் கையெழுத்துக்குப் பின்னால் எவ்வளவு சிரமம் இருக்கிறதோ, அவ்வளவுதான் அதற்கு எடை. அமெரிக்காவின் நெவாடாவில் காப்பீட்டு நிறுவனமொன்றில் செயலாளராக இருந்தவர் வெல்மா ஜான்ஸ்டன். 1950-இல் வேலைக்குப் போகும் வழியில், முன்னால் போன லாரியிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்துப் பின்தொடர்ந்தார். உள்ளே பிடிபட்ட காட்டுக்குதிரைகள். அவர் தொடங்கிய இயக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் நாடாளுமன்றத்துக்குத் தங்கள் கையாலேயே கடிதம் எழுதினார்கள். 1959-இல் ஒரு சட்டம், 1971-இல் இன்னும் வலுவான ஒன்று. ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் நகலெடுத்து அனுப்பினால் அதிகாரி அதை ஒரே கட்டாகக் கட்டி வைத்துவிடலாம். பென்சிலால் எழுதி, நடுவில் குதிரை வரைந்திருந்தால்?

சரி, இப்போது உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் அலைபேசியில் கடைசியாக வந்த வனவிலங்கு மனுவைத் திறந்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் யார், அவர் செய்ய வேண்டிய ஒரு காரியம் என்ன, எந்தத் தேதிக்குள். "உலக நாடுகளே, விழித்தெழுங்கள்" என்று இருந்தால் அது மனு அல்ல, கவிதை. மூன்றும் இருக்கிற மனு கிடைத்தால் கமெண்டில் போடுங்கள். நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து அடுத்த வீடியோவில் வரிவரியாகப் பிரித்துப் பார்க்கலாம். கவிதை கிடைத்தாலும் போடுங்கள், அதற்குத் தனியாக ஒரு வீடியோ வைத்துக்கொள்வோம்.