மீதி எங்கே போகிறது?

(ஈரோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் அறிவியல் கண்காட்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கமுங்க.

மேடை ஏறும் முன் கீழே உங்கள் கண்காட்சியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். வாழைநாரில் நாப்கின், பவுண்டரி மணலில் செங்கல், மரவள்ளிக் கழிவில் எரிவாயு. எல்லாப் பலகையிலும் ‘பயன்கள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. வேலை முடிந்தபின் என்ன மிஞ்சும், அது எங்கே போகும் என்பதற்கு ஒரு பலகையிலும் கட்டம் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. நான் இருபது வருசம் திருப்பூரில் சாயப்பட்டறை ஆய்வகத்தில் இருந்தவன். அந்தக் கட்டம் எங்களிடமும் இல்லை.

துணியில் சாயம் ஏறும் விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், கெமிக்கல் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பருத்தி தண்ணீரில் நனைந்ததும் அதன்மேல் எதிர்மின்னூட்டம் வந்துவிடும். நூலோடு வேதிப்பிணைப்புப் போடுகிற ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே எதிர்மின்னூட்டம்தான். ரெண்டும் ஒன்றையொன்று தள்ளும். நடுவே சமாதானம் பேசப் போவது உப்பு. சோடியம் குறுக்கே நின்று அந்தத் தள்ளலைக் குறைக்கும். சாயம் நூலுக்குப் போய்ச் சேரும். பிறகு சோடா ஆஷ் என்ற காரத்தைப் போட்டால் சாயமும் நூலும் பிணைந்துவிடும். அடர்நிறம் என்றால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் உப்பு கேட்கும். கடல்நீரிலேயே சுமார் 35 கிராம்தானுங்க. இத்தனை உப்பும் துணியோடு சேராது. கல்யாணத்தை முடித்துவைத்த தரகர் மாதிரி, வேலை முடிந்ததும் அப்படியே வெளியே வந்து நிற்கும்.

அன்றைக்கு எங்கள் கவலை எல்லாம் நிறத்தைப் பற்றித்தான். ஆறு ஒருநாள் சிவப்பாகவும் ஒருநாள் நீலமாகவும் ஓடுகிறது என்று ஊரே பேசியது. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டுத் தெளியவைத்தோம். டம்ளரில் பிடித்து வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டினோம். கரைந்த உப்பு டம்ளரில் தெரியாது. அந்தத் தண்ணீர் நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் போய் நின்றது. 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய அணை அது. கீழே இருந்த கிணறுகள் உப்பேறின. எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, அவர் தோட்டத்துத் தென்னை குருத்துக் கருகி நின்றது. அவர் என்னைத் திட்டவில்லை. “ஏங்கண்ணு, அத்தனை உப்பு வாங்கிக் கொட்டுறீங்களே, அது எங்கெ போகும்னு ஒருத்தருமா ரோசனை பண்ணலெ?” என்று மட்டும் கேட்டார். எம்.எஸ்சி. படித்தவனிடம் பதில் இல்லை.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு முடியும்வரை மூடு என்று உத்தரவு போட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஊரே வேலையில்லாமல் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஆர்.ஓ. வடிகட்டியில் நல்ல தண்ணீரைப் பிரித்தபின் ஒதுங்கும் உப்புநீரை, நிறமும் கடினத்தன்மையும் எடுத்துவிட்டுத் திரும்பச் சாயத்துக்கே அனுப்புவது. சாயத்துக்கு உப்புநீர்தானே வேண்டும்? அதைக் காயவைத்து மூட்டையாக்கி, மறுபடி கடையில் உப்பு வாங்கி ஏன் கரைக்க வேண்டும்? அப்புச்சி கேட்ட கேள்வியிலிருந்து ரெண்டு எட்டு வைத்தால் வந்துவிடும் யோசனை. எங்களுக்கு அதற்கு ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது.

இது பட்டறைக்காரன் செய்த பாவம்தானே என்று பயோடெக் பிள்ளைகள் சாய்ந்து உட்கார வேண்டாம். சத்தியமங்கலத்துக்கு மேலே, மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு இருக்கிறது. பிணந்தின்னிக் கழுகு என்போமே, அது. நாடு முழுக்க வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துபோய், மிச்சம் இருக்கும் சில இடங்களில் இது ஒன்று. காரணம் டைக்ளோஃபினாக். மாட்டுக்கு வலி தீர்க்கிற நல்ல மருந்து. ஆனால் ஊசி போட்ட மாடு செத்தால், உடம்பில் மிஞ்சிய மருந்து அதைத் தின்ற பாறின் சிறுநீரகத்தை நிறுத்திவிடும். 2004-ல்தான் இது நிரூபணமானது. 2006-ல் கால்நடைக்குத் தடை வந்தது. உடனே மனிதருக்கான பெரிய குப்பி தொழுவத்துக்குள் போனது. 2015-ல் அதையும் 3 மில்லிக்குச் சுருக்கினார்கள். மாற்றாக வந்த அசிக்ளோஃபினாக் இருக்கிறதே, அது மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது! மெலாக்சிகாம் என்ற இன்னொரு வலிமருந்து பாறுக் கழுகை ஒன்றும் செய்வதில்லை. சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்ன சொல் அது.

பின்னால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேட்டவர்களும் உண்டு. 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. மேலே மெழுகுப் போர்வை, மருந்து இறங்காது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் என்ற துளியூண்டு குளவியைக் கொண்டுவந்தார்கள். வந்ததும் திறந்துவிடவில்லை. தனியே அடைத்து வளர்த்து, வேறு எதையாவது தொடுமா என்று பார்த்த பிறகே தோட்டங்காட்டுக்குள் விட்டார்கள். கொஞ்ச காலத்தில் மாவுப்பூச்சி அடங்கியது.

முன்வரிசையில் ஒரு அம்மிணி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. சொல்லு சாமி... உப்புநீரைத் திருப்பி அனுப்பிய பிறகும் மிஞ்சுவது என்னாகும் என்று கேட்கிறது. எவாப்ரேட்டரில் காய்ச்சினால் குளோரைடும் சல்பேட்டும் சாயத்துணுக்கும் கலந்த ஒரு உப்பு அடியில் நிற்கும். யாரும் வாங்குவதில்லை. மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்கியிருக்கிறார்கள், மழை படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதானம்மா என்னால் சொல்ல முடிவது. சனிக்கிழமை உங்கள் துறைத்தலைவரோடு திருப்பூர் வா. ஒரு கிலோ கட்டித் தரச் சொல்கிறேன். கையுறை மட்டும் மறக்காமல் கொண்டுவா.