டிசம்பர் 14-இன் பக்கம் நின்று பேசுகிறேன்

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அன்பர்களே, அவை நிறைந்த பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

"வரலாற்றில் இன்று என்று தேதி பார்த்துச் செய்தி சேர்ப்பது நம்மை வரலாற்றுக்குள் அழைத்துப்போகிறதா, வெறும் துணுக்கோடு நிறுத்திவிடுகிறதா?" இதுதான் நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. அழைத்துப்போகிறது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கினார். துணுக்கில் நிகழ்ச்சி இருக்கும், காரணம் இருக்காது என்பது முதலாவது. தேதி என்பது மனிதன் போட்ட வெறும் எண், நாட்காட்டியை மாற்றினால் அதுவும் மாறிவிடும் என்பது இரண்டாவது. அந்தப் பக்கத்தில் போய் ஆளாளுக்குச் சொந்தக் கதையையும் எழுதிவைத்து வரலாற்றை மலினப்படுத்துகிறார்கள் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் பதில் சொல்லாமல் நான் இறங்கப்போவதில்லை.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பொழுதுதான் போகும். ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். டிசம்பர் 14. பண்டிகை கிடையாது, உலகம் முழுக்க விடுமுறையும் கிடையாது. ஆண்டு முடியப்போகிற அவசரத்தில் யாரும் திரும்பிப் பார்க்காமல் கடந்துபோகிற குளிர்கால நாள். வேண்டுமென்றேதான் இப்படி ஒரு நாளை எடுத்தேன்.

1900-ஆம் ஆண்டு டிசம்பர் 14. பெர்லின் நகரம். ஜெர்மன் இயற்பியல் கழகத்தின் கூட்டம். மாக்ஸ் பிளாங்க் என்கிற 42 வயதுப் பேராசிரியர் ஒரு கட்டுரை படிக்கிறார். சூடேறிய பொருள் எந்த வெப்பநிலையில் எந்த நிறத்தில் எவ்வளவு ஒளிர்கிறது என்பதுதான் பொருள். துணுக்கில் என்ன போட்டிருக்கும்? "குவாண்டம் இயற்பியல் பிறந்த நாள்." ஒரே வரி. எதிரணி நண்பர்கள் அந்த வரியோடு நின்றுவிட்டார்கள். நான் அதன் பின்னாலேயே போனேன்.

போனால் ஒரு வியப்பு. சோதனைச்சாலை அளவுகளோடு அச்சாகப் பொருந்தும் சூத்திரத்தை அதே பிளாங்க் அதே கழகத்தில் அக்டோபர் 19-ஆம் தேதியே சொல்லிவிட்டார். விடை அக்டோபரிலேயே வந்துவிட்டது! அப்புறம் ஏன் டிசம்பர் 14-ஐப் பிறந்த நாள் என்கிறார்கள்? அக்டோபரில் அவரிடம் விடை மட்டும்தான் இருந்தது, அது ஏன் சரி என்பதற்குக் காரணம் இல்லை. எட்டு வாரம் அந்தக் காரணத்தைத் தேடினார். ஆற்றல் தொடர்ச்சியாகப் பாய்வதில்லை, சிறுசிறு பொட்டலங்களாகத்தான் கைமாறுகிறது என்று வைத்துக்கொண்டால் மட்டுமே கணக்கு நேராகிறது என்று கண்டார். அவருக்கே அது பிடிக்கவில்லை. வேறு வழி தெரியாமல் செய்த காரியம் என்று பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதினார். அந்தக் காரணத்தைச் சொன்ன நாள்தான் டிசம்பர் 14.

நடுவர் அவர்களே, துணுக்கில் காரணம் இல்லை என்றார் எதிரணித் தலைவர். "ஏன் இந்தத் தேதி, ஏன் அந்தத் தேதி இல்லை?" என்று கேட்டதால்தானே எனக்கு இந்தக் காரணம் கிடைத்தது! ஒரு சூத்திரம் கையில் இருப்பதற்கும் அது ஏன் சரி என்று தெரிவதற்கும் உள்ள தூரத்தை இத்தனை தெளிவாக எனக்கு வேறு எதுவும் காட்டியதில்லை. இங்கே அமர்ந்திருப்பவர்களின் கைப்பேசிக்குள் இருக்கிற ஒவ்வொரு சில்லும் அந்தப் பிற்பகல் பேச்சின் வழித்தோன்றல்.

அடுத்து, 1911 டிசம்பர் 14. ரூவால் அமுண்ட்சன் தலைமையில் ஐந்து நார்வேக்காரர்கள் தென்துருவத்தை அடைந்தார்கள். குளிர்கால நாள் என்று சற்று முன் சொன்னேன். நம் பாதி உலகத்துக்குத்தான் அது குளிர்காலம். அவர்கள் நின்ற இடத்தில் நடுக்கோடை. சூரியன் மறைவதே இல்லை.

அங்கே போனதும் அவர்கள் செய்ததைப் பாருங்கள். கொடியை நட்டபோது தலைவர் மட்டும் பிடிக்கவில்லை. ஐந்து பேரும் ஒரே கம்பைச் சேர்ந்து பிடித்து நட்டார்கள். உயிரைப் பணயம் வைத்து வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அந்த உரிமை உண்டு என்பது அமுண்ட்சனின் எண்ணம். அதோடு திரும்பிவிடவும் இல்லை. "துருவம் இதுதான்" என்று அங்கே பலகையா வைத்திருக்கிறது? கருவியில் சிறு பிழை இருந்தால் சில கிலோமீட்டர் தள்ளி நிற்பார்கள். ஆகவே பனிச்சறுக்கில் ஆட்களை மூன்று திசைக்கு அனுப்பிக் கொடி நாட்டச் செய்தார், வானில் சூரியனின் உயரத்தை மறுபடி மறுபடி அளந்தார். நாள்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டுத்தான் புறப்பட்டார்கள். ஒரு சிறு கூடாரத்தை அங்கே விட்டு, உள்ளே ஒரு கடிதம் வைத்தார்கள். நார்வே மன்னருக்கு எழுதிய கடிதம். போட்டியாகப் பின்னால் வருகிற பிரிட்டிஷ் குழுவின் தலைவர் ராபர்ட் ஸ்காட் அதை எடுத்துச்சென்று சேர்ப்பிக்க வேண்டும் என்ற குறிப்பும் இருந்தது. தாங்கள் திரும்பும் வழியில் இறந்துபோனாலும் சேதி ஊர்போய்ச் சேர வேண்டுமே!

ஸ்காட் வந்து சேர்ந்தது 1912 ஜனவரி 17-இல். திரும்பும் வழியில் அவரும் உடன் வந்த நால்வரும் மாண்டார்கள். வென்றவன் எழுதிய கடிதத்தைத் தோற்றவன் கடைசிவரை சுமந்திருக்கிறான். இதைப் படித்த அன்று நெடுநேரம் என்னால் வேறு எதையும் படிக்க முடியவில்லை.

ஏன் இவர்கள் பிழைத்தார்கள், அவர்கள் பிழைக்கவில்லை? தேதியைப் பிடித்துக்கொண்டு போனவனுக்கு அந்தக் கேள்வி தானாக வரும். அமுண்ட்சன் நாய்களை நம்பினார். ஸ்காட்டின் குழு மோட்டார் வண்டி, குதிரை என்று பலதையும் முயன்று, கடைசியில் மனிதர்களே வண்டியை இழுத்துக்கொண்டு நடந்தது. நார்வேக்காரர்கள் கிளம்பும்போது நாய்கள் 52. திரும்பி வந்தவை 11. வழியில் நாய்களைக் கொன்று, மற்ற நாய்களுக்கும் தங்களுக்கும் உணவாக்கிக்கொள்வது என்பது முன்பே போட்ட திட்டம். அந்த வெற்றியின் விலை அது. கொடி பறக்கும் படத்தில் அந்த விலை தெரியாது, படத்துக்குப் பின்னால் போனால்தான் தெரியும்.

1918-ஆம் ஆண்டின் டிசம்பர் 14-இல் பிரிட்டனில் பொதுத்தேர்தல். நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்த நாள். கைதட்டலாம்தான், ஆனால் கொஞ்சம் பொறுங்கள். ஆணுக்கு 21 வயது போதும். பெண்ணுக்கு 30 வயது ஆக வேண்டும், அதற்கு மேல் சொத்துத் தகுதி வேறு. சம உரிமை வர இன்னும் பத்தாண்டு ஆயிற்று, 1928 வரை. அந்தத் தேர்தலில் வென்ற ஒரே பெண் கான்ஸ்டன்ஸ் மார்க்கிவிச். வெற்றி அறிவிக்கப்பட்டபோது அவர் லண்டனில் சிறையில் இருந்தார். அயர்லாந்து விடுதலைக்காக நின்றவர் என்பதால், கிடைத்த இடத்தில் போய் அமரவும் மறுத்துவிட்டார். இதையும் துணுக்கு என்று ஒதுக்குவீர்களா?

1962-இல் இதே நாளில் மரைனர் 2 என்கிற விண்கலம் வெள்ளிக் கோளைச் சுமார் 35,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. வேறொரு கோளின் அருகே போய்ச் செய்தி அனுப்பிய முதல் கலம் அதுதான். இதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வர வேண்டும்.

தேதி மனிதன் போட்ட எண்தானே என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். எதிரணிக்கு நானே சான்றும் தருகிறேன். 1825 டிசம்பர் 14 அன்று ரஷ்யத் தலைநகரில் ஏறத்தாழ 3,000 வீரர்கள் புதிய ஜாருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து செனட் சதுக்கத்தில் அணிவகுத்து நின்றார்கள். இருட்டுவதற்குள் பீரங்கியால் கலைக்கப்பட்டார்கள். ரஷ்யா அன்று பழைய நாட்காட்டியில் இருந்தது. இன்றைய கணக்கில் அது டிசம்பர் 26. ஆக, இரண்டு நிகழ்ச்சி ஒரே தேதியில் வருவது தற்செயல். அதில் ஜோதிடமும் இல்லை, விதியும் இல்லை. எங்கள் அணி அப்படிச் சொல்லவே இல்லை.

நாங்கள் சொல்வது வேறு. பாடப்புத்தகம் இயற்பியலை ஒரு பக்கமும் அரசியலை ஒரு பக்கமும் கட்டிவைக்கும். துறைக்கு ஒரு வேலி. எந்தத் துறையையும் மதிக்காத இந்தத் தற்செயல் மட்டும்தான் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு வரும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், நடுவர் அவர்கள் கூர்ந்து கேட்க வேண்டும்.

டிசம்பர் 14-இன் பக்கத்தில் ஒரு பிறந்த நாள் உண்டு. டைக்கோ பிராஹே, 1546. இவருக்கும் பழைய நாட்காட்டிதான், புதிய கணக்கில் 24 ஆகிவிடும். தொலைநோக்கி வருவதற்கு முன்பு வெறுங்கண்ணால் வானத்தை அளந்தவர்களில் தலைசிறந்தவர். அவர் விட்டுச்சென்ற அளவுகளைக் கொண்டுதான் கெப்ளர் என்ற வானியலாளர் கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுவதைக் கண்டுபிடித்தார். அதே பக்கத்தில் இன்னொரு வரி. 1972 டிசம்பர் 14, அப்பல்லோ 17 என்கிற அமெரிக்க நிலவுப் பயணத்தின் யூஜின் செர்னனும் ஹாரிசன் ஷ்மிட்டும் நிலவை விட்டுக் கிளம்பினார்கள். அதற்குப் பிறகு அங்கே மனிதக் கால் படவில்லை. ஒருவர் பிறந்தார், இருவர் கிளம்பினார்கள். என்ன தொடர்பு? ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

நிலவில் டைக்கோ பெயரில் ஒரு பெரும்பள்ளம் இருக்கிறது. முழுநிலவு அன்று பார்த்தால் தெற்குப் பக்கம் வெள்ளைக் கோடுகள் நாலாபுறமும் சிதறிக் கிடக்குமே, அவற்றின் நடுவில் இருப்பது அதுதான். விண்கல் மோதி உண்டான பள்ளம். மோதலில் தெறித்த பாறைகள் வெகுதூரம் பறந்திருக்கின்றன. அப்பல்லோ 17 இறங்கிய பள்ளத்தாக்கு அங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே ஒரு மலையிலிருந்து மண் சரிந்து கிடந்தது. டைக்கோவிலிருந்து பறந்துவந்த பாறைகள் விழுந்துதான் அந்த மலை சரிந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஷ்மிட் பயிற்சிபெற்ற நிலவியலாளர். அவரும் செர்னனும் அங்கிருந்து அள்ளிவந்த மண்ணையும் கல்லையும் ஆராய்ந்துதான் டைக்கோ பள்ளத்தின் வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்று கணித்தார்கள்!

தேதி ஒன்றாக வந்தது தற்செயல். அந்தத் தற்செயல் என்னைத் தேடவைத்தது. தேடிய இடத்தில் தற்செயல் அல்லாத ஓர் உறவு கிடைத்தது. இதைவிட எங்கள் அணிக்கு வேறு சாட்சி வேண்டுமா, நடுவர் அவர்களே?

இனி மூன்றாவது குற்றச்சாட்டு. சொந்த நினைவுகளை எழுதிவைப்பது மலிவு என்றார்கள். இதில்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

ஆண்டு அச்சிடாத ஒரு நாட்குறிப்பு என்னிடம் இருக்கிறது. தேதிக்கு ஒரு பக்கம். டிசம்பர் 14-இல் பிளாங்கும் அமுண்ட்சனும் நீல மையில் இருக்கிறார்கள். கீழே ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: "அம்மாவுக்குக் கண் கட்டு பிரித்தார்கள். முதலில் என் சட்டையின் நிறத்தைச் சொன்னார்." உலகத்துக்கு அது செய்தி இல்லை, எனக்குச் செய்தி. அந்த வரி இருப்பதால்தான் ஆண்டுதோறும் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன். திறக்கும்போதெல்லாம் மேலே இருப்பதையும் படிக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றைக் கூடுதலாகத் தேடுகிறேன். சொந்த நினைவு வரலாற்றைக் கீழே இழுக்கவில்லை. என்னைத்தான் வரலாற்றின் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

வரலாற்றைப் படைத்தவர்களும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். தென்துருவத்தில் நின்ற அமுண்ட்சன் எதை நினைத்தார் தெரியுமா? சிறுவயது முதல் தான் கனவு கண்டது வடதுருவத்தை என்பதை. ஆசைப்பட்ட இடத்துக்கு நேர் எதிர் முனையில் நிற்கிறோமே என்பதை அவர் மறைக்காமல் எழுதினார். செர்னன் என்ன செய்தார்? கடைசியாக நிலவூர்தியை நிறுத்திவிட்டு இறங்கியவர், குனிந்து மண்ணில் தன் மகளுடைய பெயரின் மூன்று முதலெழுத்துகளை விரலால் எழுதினார். நிலவில் கடைசியாக நடந்தவர், அரசாங்கச் செலவில் போனவர், நிமிடத்துக்கு நிமிடம் வேலை வகுக்கப்பட்டவர், ஓர் அப்பாவாக நின்று எழுதிய எழுத்து அது. எதிரணித் தலைவர் இதையும் மலிவு என்பாரா?

1287-இல் இதே டிசம்பர் 14-இல் வடகடல் பொங்கி, இன்றைய நெதர்லாந்துக் கரையை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் வீட்டிலாவது அந்த நாளைப் பற்றி யாரோ நான்கு வரி சொந்தமாக எழுதிவைத்து, அது நம் கைக்கு வந்திருந்தால், இன்றைக்கு எந்த வரலாற்றாசிரியர் அதை மலிவு என்று தள்ளுவார்? தலையில் வைத்துக் கொண்டாட மாட்டாரா?

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு என் அழைப்பு இது. டிசம்பர் 14 வேண்டாம், அது நான் தயாராகி வந்த நாள். உங்கள் விருப்பம்போல ஒரு தேதியைச் சொல்லுங்கள். நானும் உங்களோடு உட்கார்கிறேன். அந்தப் பக்கத்தில் முதலில் கண்ணில் படுகிற வரியை எடுத்துக்கொண்டு, ஏன், எப்படி, யாருக்கு என்ன ஆயிற்று என்று இருவரும் சேர்ந்தே தேடிப் போவோம். போன வழியில் வரலாறு ஒன்றும் அகப்படவில்லை என்று நீங்கள் மனச்சாட்சியோடு சொன்னால், எங்கள் அணி தோற்றது என்று இதே மேடையில் அறிவிக்கிறேன். அதுவரை தீர்ப்பு எங்கள் பக்கமே என்று நடுவர் அவர்களிடம் வேண்டி அமர்கிறேன். வணக்கம்.