லிஃப்ட் ஏறும் நேரம்

நண்பர்களே, மேடைப் பேச்சாளர் ஒருவரின் வீழ்ச்சியைப் பற்றி மேடையில் நின்று பேசுவதில் எனக்குச் சிறு சங்கடம் உண்டு. பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ 1964இல் எடுத்த 'மிருதுவான சருமம்' படத்தின் நாயகர் பியர் லாஷ்னே, இலக்கிய இதழொன்றின் ஆசிரியர். நாவலாசிரியர் பால்சாக்கைப் பற்றி, 'பால்சாக்கும் பணமும்' என்ற தலைப்பில் உரையாற்ற லிஸ்பனுக்குப் பறக்கிறார். மனைவி, மகள், ஊரறிந்த பெயர் என எதற்கும் குறைவில்லை. ஆனாலும் அவ்விமானத்தின் பணிப்பெண் நிக்கோல்மீது, தம்மைவிட ஏறத்தாழ இருபது வயது இளையவள்மீது, பித்தாகிவிடுகிறார். நடுவயதுத் தடுமாற்றம் என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடலாம்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் அகப்படாத ஒன்றைத்தான் த்ரூஃபோவின் கேமரா தேடுகிறது.

லிஸ்பன் விடுதியின் லிஃப்டில் இருவரும் பேசாமல் மேலே போகிறார்கள். ஒவ்வொரு பார்வையும் தனித்தனித் துண்டாக நறுக்கப்பட்டிருப்பதால், சில மாடிகளைக் கடப்பதற்கு ஒரு யுகம் ஆவதுபோல் தோன்றுகிறது. அவளை இறக்கிவிட்டு அவர் மட்டும் கீழே வரும்போதோ, அதே லிஃப்ட் கண்மூடித் திறப்பதற்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. பிறகு தொலைபேசியில் அவள் சந்திக்கச் சம்மதித்ததும், அவர் தம் அறையின் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுகிறார். காதல் வசனம் எதுவும் இதைவிட அதிகமாகச் சொல்லியிருக்காது.

இந்தப் பித்து அவருக்குத் துணிச்சலைத் தரவில்லை என்பதுதான் என் கருத்து. எழுத்தாளர் ஆந்த்ரே ழீத் பற்றிய படமொன்றை அறிமுகப்படுத்த ரேம்ஸ் நகருக்குப் போகும்போது நிக்கோலையும் இரகசியமாக அழைத்துச் செல்கிறார். அரங்கில் அவளுக்கு இடமில்லை. பிறகு நண்பர் ஒருவர் அவரைப் பிடித்துக் காபிக் கடையில் உட்காரவைத்துக்கொள்ள, வெளியே தெருவில் யாரோ ஒருவன் அவளைத் தொந்தரவு செய்வதைக் கண்ணாடி வழியே பார்த்தும், தம் பெயர் கெட்டுவிடுமே என்று எழுந்து போகாமல் இருக்கிறார். இந்தக் காட்சியை நான் ஒருமுறைகூட நிம்மதியாகப் பார்த்ததில்லை. லாஷ்னேயின் வீடாகத் திரையில் வருவது த்ரூஃபோ குடியிருந்த வீடேதான் என்பதை அறிந்த பின்னர் இன்னும் கடினமாகிவிட்டது.

இன்னொரு பிரெஞ்சு இயக்குநர் எரிக் ரோமரின் 'க்ளேரின் முழங்கால்' (1970) படம் இதே கோழைத்தனத்தை நாசூக்காகக் கையாளுகிறது. திருமணத்தை எதிர்நோக்கியிருக்கும் ழெரோம், ஆனெசி ஏரிக்கரையில் ஓர் இளம்பெண்ணின் முழங்காலைத் தொட ஆசைப்படுகிறார். அவள் காதலனைப் பற்றிக் கோள்சொல்லி, அவளை அழவைத்து, ஆறுதல் கூறும் பாவனையில் மழையோசையினூடே தொட்டும்விடுகிறார். பிறகு, தாம் அவளுக்கு நன்மையே செய்ததாக எழுத்தாளத் தோழியிடம் அழகாக விவரிக்கிறார். லாஷ்னேக்கு இப்படிக் கதைகட்டத் தெரியாது. ரோமரின் நாயகர் காயமின்றி ஊர் திரும்புவதற்கும், த்ரூஃபோவின் நாயகர் திரும்ப முடியாமற்போவதற்கும் அதுவே காரணம் என்று எனக்குப் படுகிறது.

இன்னும் கட்டி முடியாத அடுக்ககத்தில், இருவரும் குடியேறலாம் என்று அவர் பார்த்துவைத்த வீட்டிலேயே, நிக்கோல் அவரை விட்டு விலகிவிடுகிறாள். அதற்குள் மனைவி ஃபிராங்காவின் கையில் புகைப்படங்கள் சிக்கிவிட்டன. சமாதானம் பேசலாமென்று அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கிறார்; மணி ஒலிக்கும்போது ஃபிராங்கா கிளம்பிவிட்டிருக்கிறாள். லிஸ்பனில் அத்தனை நீண்டுகிடந்த நேரம் இங்கே சில நொடி குறைந்துபோகிறது. உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் அவர்முன் படங்களை வீசியெறிந்துவிட்டு, கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்த துப்பாக்கியை அவள் எடுக்கிறாள்.