கழுத்து குறுகின குடம்: சைலன்ட் வேலிக்கு அணைத் திட்டம் ஏன் வந்துச்சு, அணை ஏன் வரலை?

(முதல் காட்சி: ஆனைகட்டி, பஸ் ஜன்னல்)

வணக்கம் மக்களே! கோயமுத்தூர்ல இருந்து ஆனைகட்டி வழியா போறீங்கன்னா ஜன்னல் சீட்டைப் பிடிச்சுக்குங்க. முதல்ல முள்ளுக்காடு, காஞ்ச பாறை. அகளி தாண்டி முக்காலி வர்றதுக்குள்ள ஈரம் சொட்டுற காடு. ரெண்டும் கேரளாவுல இருக்கிற அட்டப்பாடிதான். தென்மேற்குப் பருவக்காத்து மேற்கு மலைச்சுவர்ல மோதி மழையைக் கொட்டிட்டு, கிழக்கே வெறுங்கையோட வருது. அந்த மழை போய்ச் சேர்ற மலைக்காடுதான் சைலன்ட் வேலி.

ஒரு குடத்தை நினைச்சுக்குங்க. வடக்கேயும் கிழக்கேயும் நீலகிரி மலைத்தொடர். அங்கிண்ட சிகரம் மட்டும் 2383 மீட்டர். நடுவுல சுமார் 1000 மீட்டர் உயரத்துல மேட்டுநிலம், அதுல குந்திப்புழைங்கிற ஆறு. தெற்கே வந்ததும் ஆறு ஒரு குறுகலான இடுக்குல நுழைஞ்சு மண்ணார்க்காடு பக்கம் கீழே இறங்குது. அதுதான் குடத்தோட கழுத்து. செங்குத்தான மலை இருந்ததால கோடரி சுலபமா உள்ளே வரலை, காடு தப்பிச்சுது. ஆனா அதே கழுத்தைப் பார்த்து இன்ஜினியருக்கு எச்சில் ஊறும்! நீளம் குறைஞ்ச சுவர் போதும், பெரிய நீர்த்தேக்கம் கிடைக்கும். தண்ணி விழுற உயரமும் அதிகம், அதனால மின்சாரமும் அதிகம்.

வரலாறு வேகமா: 1847ல தாவரவியலாளர் ராபர்ட் வைட் வந்து செடி சேகரிச்சார். 1914ல ரிசர்வ் காடு. 1973ல 130 மீட்டர் உயர அணைக்கும் 120 மெகாவாட் மின்நிலையத்துக்கும் ஒப்புதல். எதிர்ப்பு கிளம்புச்சு, திட்டத்தை ஆராய விஞ்ஞானி எம்.ஜி.கே. மேனன் தலைமையில கமிட்டி வந்துச்சு, திட்டம் நின்னுச்சு. 1984ல தேசியப் பூங்கா, 1985ல ராஜீவ் காந்தி திறந்து வச்சார். அவ்வளவுதான்.

இனி என் ஃபேவரிட். "முழுகப் போறது 8.3 சதுர கிலோமீட்டர், காட்டுல பத்துல ஒரு பங்கு கூட இல்லையே"ன்னு அணை கேட்டவங்க வாதாடினாங்க. கணக்கு சரி. மொத்தக் காடு 89.52 சதுர கிலோமீட்டர், அதுல இது ஒன்பது சதவீதம்தான். ஆனா எந்த ஒன்பது? ஆத்தோரம், குடத்தோட நடுவயிறு! சோலைமந்திக்கு, அதாவது சிங்கவால் குரங்குக்கு, அது என்ன அர்த்தம்னு பாருங்க. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுத்தி வெள்ளைப் பிடரி, வால் நுனியில குஞ்சம். இது பெரும்பாலும் தரைக்கு இறங்காது. கிளைக்குக் கிளை தாவித்தான் பிழைப்பு. மரக்கூரையில அகலமா ஓட்டை விழுந்தா, அந்தக் கூட்டத்துக்கு அது கடல் மாதிரி.

அதோட சோத்துப்பானை வெடிப்பலா மரம். துரியனுக்குச் சொந்தக்கார மரம்தான். பூ இலைக்கு நடுவுல இல்லை, தடிச்ச கிளையிலேயே கொத்துக் கொத்தா ஒட்டிக்கிட்டு இருக்கும். இதழே கிடையாது, சதைப்பற்றான குழல் மட்டும். மத்த பழங்கள் குறையுற காஞ்ச மாசங்கள்ல குரங்குக்கு இந்தப் பூதான் பசி ஆத்தும். அப்புறம் காய். உடம்பெல்லாம் முள்ளு, சின்னப் பலாக்காயே தான். முள்ளைக் கடிச்சுப் பிச்சு உள்ளே இருக்கிற கொட்டையை எடுக்கும். அதைப் பார்த்தா நம்ம வீட்டுல பலாப்பழம் உரிக்கிறவங்களுக்குக் கூச்சமா இருக்கும்!

பேர் விஷயம். சில்வண்டு சத்தம் இல்லாததால 'சைலன்ட்'னு ஒரு கதை உண்டு. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. உள்ளூர்ப் பேரு சைரந்திரி வனம், விராடன் அரண்மனையில பாஞ்சாலி வச்சுக்கிட்ட பேர். வெள்ளைக்காரன் வாயில அது திரிஞ்சுதுன்னு சொல்றது பொருந்துது. ஆறு மாமியார் குந்தி பேர்ல, காடு மருமக பாஞ்சாலி பேர்ல! சத்தமே இல்லாம இருக்காங்கன்னா அதுவே அதிசயம்தான். உங்க கட்சி எதுன்னு கமெண்ட்ல போடுங்க.

போறவங்களுக்கு: முக்காலியில வனத்துறை ஆபீஸ். சொந்த வண்டி அதுக்கு மேல போகாது. அவங்க ஜீப்புல காட்டுக்குள்ள இருக்கிற சைரந்திரிங்கிற இடத்துக்கு 23 கிலோமீட்டர், மெதுவாத்தான் போகும். அதனால காலையிலேயே போயிடுங்க.

மழைக்காலத்துல அட்டை ஏறும். கையால பிடிச்சு இழுக்காதீங்க, கடிவாயில புண் பெரிசாகும். உடம்போட மெல்லிசான முனைதான் வாய்ப்பக்கம். அங்கே நகத்தைச் சாய்ச்சு வச்சு பக்கவாட்டுல தள்ளுங்க, பிடி விட்டுடும். அப்புறம் அடுத்த முனை. ரத்தம் உறையாம இருக்க அது ஒரு பொருளை விட்டிருக்கும், அதனால கொஞ்ச நேரம் ஒழுகிட்டே இருக்கும். பயந்துடாதீங்க, கழுவிட்டு சுத்தமான துணியை அழுத்திப் பிடிச்சுக்குங்க. அட்டை சாக்ஸ் போட்டிருந்தா இந்த வேலையே இல்லை.

சைரந்திரி வாட்ச் டவர்ல ஏறினா கீழே குந்திப்புழை தெரியும். அணை எழும்ப வேண்டிய இடம் அந்தப் பக்கம்தான்.