வடம் பிடிக்க வந்த ஏழாவது டிரம்மர்

(நம் ஊர் பங்க் இசைக்குழுவின் ஆறாம் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, விசைத்தறிக்காரர்கள் சார்பில் வந்திருக்கும் பெரியவர் அவர்களே, வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, ஒலிபெருக்கி கட்டிய தம்பியே! இந்தத் தம்பியைப் பலர் விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன். அவர் ஒரு சுவிட்சைத் தட்டினால் நாமெல்லாம் ஊமை. தாய்மார்களே, கறுப்புச் சட்டையில் வந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கறுப்புச் சட்டைகளைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் ஐயா என் காதில், "இவங்கெல்லாம் கட்சிக்காரங்களா?" என்று கேட்டார். இல்லைங்க ஐயா. ஈரோட்டுக்காரர் போட்ட கறுப்புச் சட்டை வேறு, இது வேறு. ஆனால் ரெண்டுமே யாரையும் கும்பிட்டுக்கொண்டு நிற்காது.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நன்றி. அந்தக் காசுக்கு ரெண்டு ஜோடி டிரம் குச்சி வாங்கியிருக்கலாம். சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

மூன்று விஷயம் பேச வந்தேன். ஒன்று, பங்க் என்றால் என்ன. இரண்டு, ஆள் மாறிக்கொண்டே இருக்கும்போது ஒரு குழு எப்படி நிற்கிறது. மூன்று, நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் ஏன் இன்னும் கிட்டாரைத் தொடவில்லை.

பங்க் என்பது ரொம்பச் சுலபமான ராக் இசை. கிட்டாரில் மூன்று கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு மூன்று, தெரிந்தால் பாட்டு ரெடி. ரெண்டு நிமிடம், மூன்று நிமிடம், அதோடு முடிந்தது. அமெரிக்காவில் ரமோன்ஸ் என்று ஒரு குழு. 1974இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் தொடங்கினார்கள். எல்லோரும் பெயருக்குப் பின்னால் ரமோன் என்று போட்டுக்கொண்டார்கள், ஆனால் ஒருத்தரும் கூடப் பிறந்தவர்கள் இல்லை. புதிதாக யார் வந்து சேர்ந்தாலும் அவரும் ரமோன். நம் பக்கம் குலப்பெயராகக் கூட்டம் சொல்வதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே வித்தியாசம், இங்கே பிறக்க வேண்டும், அங்கே குச்சி பிடித்தால் போதும். அவர்களில் ஜானி கிட்டார் அடிப்பதைப் பார்க்க வேண்டும். கை மேலிருந்து கீழே மட்டும்தான் வரும். கல்யாண வீட்டில் வெங்காயம் அரிகிற கை மாதிரி, நிற்காது. 1996 ஆகஸ்டு வரை 2,263 கச்சேரி. டிரம்மர் மாறினார், பேஸ் கிட்டார்காரர் மாறினார், கடைசி வரை நின்றது ஜோயி, ஜானி என்கிற ரெண்டே பேர். அந்த ரெண்டு பேரும் பல வருடம் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை! ஒரே வண்டியில் போவார்கள், ஒரே மேடையில் நிற்பார்கள், பேச்சு மட்டும் கிடையாது. பங்காளிச் சண்டை நமக்கு மட்டும் சொந்தமில்லைங்க.

நான் எப்போதும் சொல்வதுதான். ஊர் கூடித் தேர் இழுக்கணும். போன வருடம் அவிநாசித் தேர் வடத்தைப் பிடித்த கைகளெல்லாம் இந்த வருடமும் வந்தனவா? ஒருத்தர் துபாயில் இருப்பார், ஒருத்தர் முழங்கால் வலியில் படுத்திருப்பார். தேர் வருகிறதா இல்லையா? வருகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். காரியத்தைக் கெடுப்பவனை "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று திட்டுகிறோம். தேருக்குப் பக்கத்தில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சக்கரத்தடியில் கட்டையைச் செருகி, வளைவில் தேரைத் திருப்பி, வீட்டுத் திண்ணையில் மோதாமல் நிறுத்துகிறவர் அவர்தான். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். கட்டை போடத் தெரிந்தவர் நாலு பேர். குழுவில் டிரம்மர் அந்த ஆள். நம் குழுவில் ஆறு வருடத்தில் ஆறு டிரம்மர் போய்விட்டார்கள். சண்டை போட்டுப் போகவில்லை. ஒருத்தர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் ஆனார், ஒருத்தர் பெங்களூரு. ஒருத்தருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "பையன் டிரம்ஸ் அடிக்கிறானாமே, மத்தபடி என்ன வேலை?" என்று கேட்டதோடு சரி.

நாலாவது டிரம்மர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். பல்லடம் பக்கம் ஒரு மாரியாத்தா நோம்பி. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால் அரை மணி நேரம் இவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். இரவு எட்டு மணி. டிரம்மரின் போன் சுவிட்ச் ஆஃப். கம்பெனியில் அன்றைக்கு ஷிப்மெண்ட், விடவில்லை. மூன்று பையன்களும் மேடைக்குப் பின்னால் தக்காளிச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஜமாப் மேளம் அடிக்க வந்த பெரியவர், காலை நீட்டி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறார்.

"ஏன் கண்ணு, மூஞ்சி தொங்கிப்போச்சு?"

"டிரம்ஸ் அடிக்கிறவன் வரலீங்க."

"எப்படி அடிக்கோணும்? சித்த வாயில சொல்லு."

பையன் தொடையில் தட்டிக் காட்டினான். பெரியவர் கேட்டார்: "எத்தன நேரத்துக்கு?"

"ரெண்டு நிமிசமுங்க."

"ரெண்டு நிமிசமா? நாங்க சாமி அழைக்கவே முக்கா மணி நேரம் அடிப்பம். ரெண்டு நிமிசத்துல அது என்றா பாட்டு?"

மேடை ஏறினார்கள். பெரியவர் கழுத்தில் ஜமாப்பை மாட்டிக்கொண்டு நடுவில் நின்றார். பாட்டு ஓவர்டைம் பற்றி, இவர்களே எழுதியது. ரெண்டு நிமிடத்தில் பாட்டு முடிந்துவிட்டது. பெரியவர் முடிக்கவில்லை. பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், மறுபடி முதல் வரியிலிருந்து பாடினார்கள். அப்போதும் அடி நிற்கவில்லை. மூன்றாம் தடவை, நாலாம் தடவை. கோயில் வாசலில் ஒரு அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது! பூசாரி திருநீற்றோடு ஓடி வந்து, "ஆத்தா, என்ன குறை சொல்லு" என்கிறார். பாடிக்கொண்டிருந்த பையனுக்குக் கை நடுங்குகிறது. ஆத்தா சொன்னாள்: "நிறுத்தாதீங்கடா!"

(பலத்த கைதட்டல்.)

சிரிப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. குழு அன்றைக்கே கலைந்திருக்க வேண்டியது. ஊர் கூடியது, தேர் நகர்ந்தது.

இதெல்லாம் வெளிநாட்டிலும் உண்டு. லண்டனில் யூகே சப்ஸ் என்ற குழு, 1976இல் தொடங்கியது. பாடகர் சார்லி ஹார்ப்பர் முடிதிருத்தும் தொழில் செய்தவர், பிறந்தது 1944. வந்து போனவர்கள் பட்டியல் ஒரு கிராமத்து வாக்காளர் பட்டியல் மாதிரி. ஆனால் இசைத்தட்டுகளுக்கு ஆங்கில அகர வரிசையில் பெயர் வைத்துக்கொண்டே போய், 26 எழுத்தையும் 2016இல் முடித்துவிட்டார். தமிழராக இருந்திருந்தால் 247 எழுத்து, பாவம். மான்செஸ்டரில் தி ஃபால் என்ற குழுவில் அறுபது பேருக்கு மேல் மாறினார்கள். நானும் உங்க பாட்டியும் சேர்ந்து போங்கோ மேளம் தட்டினாலும் அது தி ஃபால்தான் என்று அதன் பாடகர் மார்க் இ. ஸ்மித் சொன்னதாகச் சொல்வார்கள். நம் பாட்டிகள் வள்ளி கும்மியில் விடிய விடிய ஆடுகிறவர்கள். அவர்களைக் கூப்பிட்டால் பையன்களுக்குத்தான் மூச்சு வாங்கும். பெண்பிள்ளைகள் விஷயத்துக்கு இதிலிருந்தே வரலாம், வருகிறேன்.

அதற்கு முன் ஒரு முக்கியமான சங்கதி. இவர்கள் பழகியது எங்கே தெரியுமா? நாலு தறி ஓடிய ஒரு குடோனில். ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும், இவர்கள் ஆரம்பிப்பார்கள். தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்த அக்கம்பக்கத்தார் ஒருத்தரும் குறை சொன்னதில்லை. போன வருடம் அந்தத் தறிகளைப் பழைய இரும்புக்கு எடைபோட்டார்கள். தறி நின்ற இடத்தில் தரையில் நாலு எண்ணெய்க் கறை. குடோன் இப்போது பூட்டு. பையன்கள் ஒரு மாதம் தென்னந்தோப்பில், ஒரு மாதம் மொட்டை மாடியில். ஐந்தாவது, ஆறாவது டிரம்மர்கள் போனது இந்த அலைச்சலில்தான் என்பது என் கட்சி. ஆள் போவதைத் தடுக்க முடியாது. ஆனால் வருகிறவன் உட்கார ஒரு இடம் வேண்டாமா?

நம் பழைய வாசகசாலை ரெண்டு அறையும் சும்மா கிடக்கிறது. உள்ளே ஒடிந்த பெஞ்சும் தேர்தல் நேரத்து மூங்கிலும். சாயந்திரம் ஆறிலிருந்து எட்டு வரை அதைப் பிள்ளைகளுக்கு விடுங்கள் என்று ஐந்து மனு கொடுத்திருக்கிறேன். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். முதல் மனுவுக்கு ரசீது தந்தார்கள். மூன்றாவது மனுவுக்கு, "இசை என்றால் எந்த வகை இசை என்று குறிப்பிடவும்" என்று பதில் வந்தது. பங்க் என்று எழுதினேன். பெட்ரோல் பங்கு வைக்க அந்த இடத்தில் அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிரிக்காதீர்கள், தாள் என் பையில் இருக்கிறது. விசைத்தறிப் பெரியவர் மனசு வைத்தால் அந்தப் பெஞ்சுகளை எடுக்க நாலு ஆள் அனுப்பலாம். வார்டு அம்மா தலையாட்டினார்கள், எல்லோரும் பார்த்தீர்கள், நான் குறித்துக்கொண்டேன். ஊர் கூடித் தேர் இழுக்கணும் என்பது இதுக்குத்தாங்க.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. "பையன்கள் காத்திருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறது. ரெண்டாவது சீட்டு. முதல் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மூன்றாவது விஷயத்தை அடுத்த ஆண்டு விழாவில் பேசுகிறேன்.

ஏழாவது டிரம்மர் அதோ, தூணுக்குப் பக்கத்தில் நிற்கிற தம்பி. பாலிடெக்னிக் ரெண்டாம் வருடம். சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது, ஒன்பது பாட்டு பழகிவிட்டாராம். நீங்கள் வாங்க தம்பி, நான் இறங்குகிறேன். ஆறாவது மனுவுக்கான கையெழுத்து நோட்டு இப்போது கடைசி வரிசையில், பச்சைத் துண்டு போட்ட ஐயா கையில் இருக்கிறது. போட்டவர்கள் பேனாவை மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது தலைவருடைய பேனா.